குறுக்கே வருகிறவர் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

போன மாதம் சான் பிரான்சிஸ்கோவில் மகள் வீட்டில் இருந்தேன். ஓட்டுநர் இல்லாத டாக்சியில் இரண்டு முறை போனோம். ஒரு மூதாட்டி தெருவைக் கடந்து முடிக்கும்வரை ஹாரன்கூட அடிக்காமல் நின்றது. நம் ஊர் ஓட்டுநர்களைவிட எவ்வளவோ நாகரிகம். எந்திரங்களை மனித நெறிகளுக்குப் பழக்குவது சுலபமில்லை என்று எழுதியிருந்தீர்கள். விதிகளை ஒழுங்காக எழுதிக் கொடுத்தால் அது பாட்டுக்குக் கேட்டு நடக்கிறது. இதில் என்ன சிரமம்?

ம., கோவை

அன்புள்ள ம.,

நின்றிருக்கும், சந்தேகமில்லை. அவசரம், தூக்கக் கலக்கம், பின்னால் ஹாரன் அடிக்கிறவன் மேல் எரிச்சல் எதுவும் அதற்குக் கிடையாது. அந்த மட்டில் நம்மைவிட மேல்தான்.

சிரமம், எழுதாமல் விட்டதில் இருக்கிறது. 2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பி நகரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண், ஊபரின் சோதனைக் கார் மோதி இறந்தார். 5.6 வினாடிக்கு முன்பே சென்சார்கள் அவரைப் பார்த்துவிட்டன. காரின் மென்பொருள் அவரை முதலில் வாகனம் என்று நினைத்தது, பிறகு ஏதோ ஒரு பொருள், பிறகு சைக்கிள். பெயர் மாறும்போதெல்லாம், அதுவரை அவர் நகர்ந்து வந்ததை விட்டுவிட்டுப் புதிதாகக் கணக்குப் போட்டது. ஜீப்ரா கோடு இல்லாத இடத்தில் ஓர் ஆள் குறுக்கே வருவார் என்ற எண்ணமே அந்த மென்பொருளில் இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. சட்டப்படி அங்கே கடக்கக் கூடாதுதான். ஆனால் கடப்பார்கள் என்பது காந்திபுரத்தில் ஒருநாள் வண்டி ஓட்டியவருக்குத் தெரியும்.

எழுதிய விதியே காலை வாரிய கதையும் உண்டு. 2023 அக்டோபர் 2, உங்கள் மகளின் ஊரிலேயே. ஒரு மனிதர் ஓட்டிய கார் ஒரு பெண்ணை இடித்து, பக்கத்தில் வந்த க்ரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லாக் கார் முன்னால் தள்ளிவிட்டுப் பறந்துவிட்டது. க்ரூஸ் கார் பிரேக் போட்டும் அவர் மேல் மோதித்தான் நின்றது. மோதல் நடந்தால் வண்டியை ஓரங்கட்டு என்பது அதற்கு இட்ட கட்டளை. ஓரங்கட்டியது, அடியில் சிக்கியிருந்தவரைச் சுமார் 20 அடி இழுத்துக்கொண்டு. நம் டவுன் பஸ்ஸில் டமார் என்று சத்தம் கேட்டால் கண்டக்டர் விசில் அடித்துவிட்டு இறங்கி, குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்ப்பார். அதை அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

எனக்குக் கோபம் கார் மேல் அல்ல. இழுத்துச் சென்றதைச் சொல்லாமல் விட்டுப் பொய் அறிக்கை கொடுத்ததை 2024இல் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டு, 5 லட்சம் டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது. அறிக்கை எழுதியது எந்திரமில்லையே! டெம்பி விபத்திலும் குற்ற வழக்கு, சீட்டில் மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தவர் மேல்தான் பாய்ந்தது, கம்பெனி மேல் இல்லை.

அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். நாம் கையைக் காட்டி, ஓட்டுநரின் கண்ணைப் பார்த்து, அவர் தலையசைத்த பிறகுதானே கடப்போம்? அந்த மூதாட்டி கார் நின்றதும் நடந்துவிட்டாரா, இல்லை கண்ணாடிக்குள் யாரையாவது தேடினாரா? ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்.