ஆய்வுக்கூடப் பள்ளி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கல்வியியல் மாணவி. சிகாகோ பல்கலைக்கழகத்தோடு இணைந்த உயர்நிலைப் பள்ளியின் தொடக்கக் காலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். அதை அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1896-இல் தொடங்கினார் என்கிறது ஒரு நூல். 1903 என்கிறது இன்னொன்று. எது சரி? மனைவியின் பதவிக்காகத்தான் டூயி விலகினாரா? அம்பேத்கருக்கும் அந்தப் பள்ளிக்கும் தொடர்பு உண்டா? பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நூற்பும் தையலும் சமையலும் சொல்லிக்கொடுத்த ஒரு தொழிற்பள்ளி எட்டே ஆண்டுகளில் தோற்றுப்போயிற்று என்று முடித்திருக்கிறேன். சரிதானே?

ம., ஸ்ரீவில்லிபுத்தூர்

அன்புள்ள ம.,

இரண்டு ஆண்டுகளும் சரி. உங்கள் இரண்டு நூல்களும் இரண்டு வேறு பள்ளிகளைப் பேசுகின்றன. 1896 ஜனவரியில், பல்கலைக்கழகத்துக்கு அருகே ஒரு சிறிய வீட்டில், பதினைந்து பதினாறு குழந்தைகளோடு டூயி தொடங்கியது தொடக்கப்பள்ளி. அதற்கு ‘ஆய்வுக்கூடப் பள்ளி’ என்ற பெயர் பின்னால்தான் வந்தது. உயர்நிலைப் பள்ளி 1903-இல் உருவாயிற்று. அது அந்தச் சிறிய வீட்டிலிருந்து வளர்ந்து வந்ததன்று. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த இரண்டு பள்ளிகளை ஒன்றாக்கி அமைத்தது. ஒன்று, கமர்ஷியல் கிளப் என்ற வணிகர் சங்கத்தின் ஆதரவில் 1884-இல் திறக்கப்பட்ட கைவேலைப் பயிற்சிப் பள்ளி. மற்றொன்று, பல்கலைக்கழக நுழைவுக்கு மாணவர்களை ஆயத்தம்செய்த சௌத் சைடு அகாடமி. ஒரு பக்கம் தச்சுப்பட்டறையும் உலையும், மறுபக்கம் லத்தீன் இலக்கணமும் என்று இருந்த இரண்டையும் ஒரே பெயர்ப்பலகையின்கீழ் கொண்டுவந்த ஆண்டு என்பதால், உங்கள் கட்டுரைக்கு உரிய ஆண்டு 1903.

அம்பேத்கர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்தது 1913-இல். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே டூயி சிகாகோவில் தம் பொறுப்புகளைத் துறந்திருந்தார். பின்னர் கொலம்பியாவில் டூயியிடம் அம்பேத்கர் பெற்றது பெரிய விஷயம்தான், ஆனால் அது வேறு கட்டுரை; இதற்குள் இழுக்காதீர்கள்.

‘மனைவியின் பதவிக்காக’ என்று எழுதுவது கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது. ஆசிரியப் பயிற்சிக்குப் பேர்போன பிரான்சிஸ் பார்க்கரின் நிறுவனம், அனிதா மெக்கார்மிக் பிளேய்னின் கொடையோடு 1901-இல் பல்கலைக்கழகத்துக்குள் வந்தது. அதற்கும் ஒரு தொடக்கப்பள்ளி இருந்தது. 1902-இல் பார்க்கர் இறந்தார். அடுத்த ஆண்டு இரண்டு தொடக்கப்பள்ளிகளும் ஒன்றாயின, டூயியின் மனைவி ஆலிஸ் முதல்வரானார். பார்க்கரின் ஆசிரியர்கள் தங்கள் வேலைக்கு அஞ்சினார்கள். அந்த நியமனம் ஓராண்டுக்கு மட்டுமே என்று பல்கலைக்கழகத் தலைவர் ஹார்ப்பர் எண்ணியிருந்தார். டூயி தம்பதியர் அப்படி எண்ணியிருக்கவில்லை. 1904 ஏப்ரலில் டூயி விலகினார். ஆலிஸ் அப்பள்ளியில் உழைத்தவர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அங்கே கற்பித்தலை மேற்பார்வையிட்ட எல்லா ஃபிளாக் யங் என்ற பெண்மணி 1909-இல் சிகாகோ நகரப் பள்ளிகள் அனைத்துக்கும் தலைமை அதிகாரியானவர். உங்கள் கடிதத்தில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை என்பது எனக்கு வருத்தம்.

ஆனால் நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தது இவற்றுக்காக அன்று. ‘நூற்பு சொல்லிக்கொடுத்த தொழிற்பள்ளி’ என்ற உங்கள் சொற்றொடருக்காக. அண்மையில் பழைய தகரப் பெட்டி ஒன்றைத் துடைத்தபோது நூல் நூற்கும் கைக்கதிரான என் தக்ளி கிடைத்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில்தான் உங்கள் கடிதம் வந்தது.

நான் படித்த பள்ளியில் வாரத்துக்கு இரண்டு நூற்பு வகுப்புகள் இருந்தன. பஞ்சுப்பட்டையை இடக்கையில் பிடித்துத் தக்ளியைச் சுழற்றிவிட வேண்டும். இழை அறுந்தால் பிரம்படி. ஆண்டுக்கடைசியில் நூல் சிட்டங்களை எண்ணி மதிப்பெண் போட்டார்கள். நான் நன்றாகவே நூற்றேன். ஆனால் பஞ்சு ஏன் முறுக்கிக்கொள்கிறது, கொட்டையை யார் நீக்கினார்கள், இந்த நூலை யார் வாங்குவார்கள் என்று எவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பள்ளியைச் சுற்றிப் பருத்திக்காடு இருந்தது. ஜன்னலுக்கு வெளியே எங்கள் அம்மாமார் மடி கட்டிக்கொண்டு பருத்தி எடுத்தார்கள், உள்ளே நாங்கள் பருத்தியைப் பற்றி எதுவும் அறியாமல் நூற்றோம். அதுதான் அம்மா, தொழில்வகுப்பு.

சிகாகோவில் நடந்தது வேறு. 1899-இல் பெற்றோர்முன் ஆற்றிய உரைகளில் டூயி அதை விவரிக்கிறார். குழந்தைகள் கையில் ஆட்டு ரோமத்தையும், செடியிலிருந்து பறித்தபடியே பருத்தியையும் கொடுத்தார்கள். பருத்தியிலிருந்து கொட்டையை விரலால் நீக்கச் சொன்னார்கள். முப்பது நிமிடம் உழைத்தும் அவர்களுக்குக் கிடைத்த பஞ்சு ஓர் அவுன்சுக்கும் குறைவு, அதாவது 28 கிராம்கூட இல்லை. தங்கள் முன்னோர் ஏன் பருத்தியை விட்டுக் கம்பளி உடுத்தினார்கள் என்ற கேள்விக்கு அவர்களின் விரல்நுனியே விடை சொல்லிற்று. பிறகு இழைகளை ஒப்பிட்டார்கள்: பஞ்சிழை குட்டையானது, வழுவழுப்பானது, ரோம இழை நீளமானது, சொரசொரப்பானது, ஒன்றையொன்று பற்றிக்கொள்வது, ஆகவே நூற்க எளியது. அங்கிருந்து கொட்டை நீக்கும் இயந்திரத்துக்கும், ஆலைகளுக்கும், அவை மனிதர் வாழ்க்கையை மாற்றிய வரலாற்றுக்கும் போனார்கள். நூற்பவனாக ஆவதற்காக அங்கே எந்தக் குழந்தையும் நூற்கவில்லை. இயற்பியலும் புவியியலும் வரலாறும் ஒரே பஞ்சுப் பிடிக்குள் இருப்பதைக் காண்பதற்காகவே நூற்றார்கள். இதைத் தொழிற்பள்ளி என்றால், அடுப்படியில் நீர் கொதிப்பதைப் பார்த்து நீராவியைச் சிந்தித்தவனைச் சமையற்காரன் என்று சொல்ல வேண்டியிருக்கும். சோதனைக்கு உட்பட்டவையும் குழந்தைகள் அல்லர், கல்வியைப் பற்றிய கருத்துகள். ‘ஆய்வுக்கூடம்’ என்ற சொல்லின் பொருள் அதுவே.

உங்கள் உயர்நிலைப் பள்ளியின் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. பத்து வயதில் கையும் மூளையும் பிரியாமல் கற்ற பிள்ளை, பதினான்கு வயதில் உலைக்கூடத்துக்குப் போவதா, லத்தீன் வகுப்புக்குப் போவதா? சேர்க்கப்பட்ட இரண்டு பள்ளிகளும் அதுவரை தத்தம் பிள்ளைகளுக்குத் தனித்தனி விடை வைத்திருந்தன. ஒரே பிள்ளைக்கு இரண்டும் வேண்டும் என்பது டூயியின் எண்ணம். அந்த இணைப்புக்குப் பிறகு அவர் அங்கே பொறுப்பில் இருந்தது ஓராண்டுகூட இல்லை. ஓராண்டுகூடத் தரப்படாத ஒன்றைத் ‘தோற்றுப்போயிற்று’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? 1902-இல் அவருடைய தொடக்கப்பள்ளியில் சுமார் 140 குழந்தைகளும் 23 ஆசிரியர்களும் இருந்தார்கள். அப்படி நிறைந்துகொண்டிருந்த பள்ளி அது. உயர்நிலைப் பள்ளியோ இன்றும் நடக்கிறது. பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள் என்று நீங்கள் சொன்னது மட்டும் பெரிதும் உண்மை. அந்தக் குறையை வைத்து நீங்கள் ஒரு பத்தி எழுதினால் நான் மறுக்க மாட்டேன்.

முடிவுரையைக் கிழித்துவிடுங்கள். நீங்கள் இருப்பது பருத்தி விளையும் கரிசலுக்குப் பக்கம். வெடித்த பருத்தியைக் கைநிறையப் பறித்துவந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அரைமணி நேரம் கொட்டை நீக்குங்கள். வந்த பஞ்சை நகைக்கடைத் தராசில் நிறுத்து, எத்தனை கிராம் என்று எனக்கு எழுதுங்கள்.