மூங்கில் ஃப்ளை றொட்டுக்கு ஒரு இலட்சம் கொடுக்கலாமா?

ஆரையம்பதியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணன், நான் வாவியில் தூண்டில் போடுகிறவன், இதுவரை ஸ்பின்னிங் றொட்தான் பாவித்திருக்கிறேன். கனடாவில் இருக்கும் மச்சான் மாமாங்கத் திருவிழாவுக்கு வருகிறார். அங்கே ஒருவரிடம் பழைய மூங்கில் ஃப்ளை றொட் இருக்கிறதாம். எட்டரை அடி, இரண்டு துண்டு, 500 கனேடிய டொலர் கேட்கிறாராம். புதிதென்றால் இதைப்போலப் பல மடங்கு என்கிறார். மூங்கிலுக்கு ஏன் இவ்வளவு விலை? வாங்கினால் வாவியில் கொடுவா பிடிக்கலாமா?"

ஃப்ளை றொட் என்றால் இறகும் நூலும் கட்டிய இலேசான பொய் இரையை (அதுதான் ஃப்ளை) வீசும் தூண்டில் கம்பு. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி. கொடுவாவுக்கென்றால் வேண்டாம். 500 கனேடிய டொலர் என்றால் நம் காசில் ஒரு இலட்சத்துக்கு மேல், அந்தக் காசுக்கு உவர்நீருக்கு ஏற்ற கிரஃபைட் (கார்பன் இழை) றொட், றீல், லைன் மூன்றையும் வாங்கி மிச்சமும் வைக்கலாம். ஆனால் நல்ல மூங்கில் றொட் ஒன்றை ஒருதரம் வீசிப் பார்த்தவனுக்கு ஆசை சும்மா போகாது, உங்கள் மச்சானும் அப்படித்தான் மாட்டியிருப்பார் போல. அதனால் விலைக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்மூரில் மூங்கில் தூண்டில் என்றால் குளக்கட்டில் பொடியன்கள் வைத்திருக்கும் முழு மூங்கில் கம்பும் நுனியில் கட்டிய தங்கூசியும்தான். இது வேறு சாமான். இதற்குப் பாவிக்கும் டொன்கின் மூங்கில் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் வளர்வது. நேராக வளரும், கணுக்கள் தூரம் தூரமாக இருக்கும், நார் வெளித்தோலை ஒட்டி நெருக்கமாக இருக்கும். அதைக் கீற்றாகப் பிளந்து, கணுக்களைச் சூடுகாட்டி நிமிர்த்தி, ஒவ்வொரு கீற்றையும் 60 பாகை முக்கோணமாகச் சீவி, ஆறு கீற்றுகளைச் சேர்த்து ஒட்டினால் அறுகோணக் கம்பு கிடைக்கும். தோல் பக்கத்தில் சீவுளி படக்கூடாது, ஏனென்றால் பலம் முழுவதும் அங்கேதான். அடியிலிருந்து நுனிக்குத் தடிப்பு குறைந்துகொண்டே போகவேண்டும், அந்தக் குறைவை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் அளந்து அளந்து சீவுவார்கள். இரண்டு துண்டு றொட்டுக்கு வழக்கமாக நுனித்துண்டு இரண்டு கொடுப்பது முறை, ஒன்று முறிந்தால் மற்றது உதவும். ஆக அடித்துண்டுக்கு 6, நுனிகளுக்கு 12, மொத்தம் 18 கீற்றுகள். அப்புறம் பட்டு நூல் சுற்று, வார்னிஷ், வெண்செம்பு மூட்டு, தக்கைப்பிடி. கையால் செய்கிறவருக்கு ஒரு றொட் 40 முதல் 60 மணித்தியாலம் வரை பிடிக்கும்.

விலை எங்கிருந்து வருகிறது என்று இப்போது விளங்கும். நீங்கள் கொடுப்பது ஒருவருடைய வேலைநேரத்துக்கான கூலி. மீன் அதிகம் பிடிக்கும் என்பதற்காக யாரும் அந்த விலை வைப்பதில்லை.

தனியாக வீட்டுப் பட்டறையில் செய்யும் அமெரிக்கக் கைவினைஞர்களிடம் புதிய றொட் ஏறத்தாழ 1000 முதல் 2500 அமெரிக்க டொலர். டொலரை 300 ரூபாயாக வைத்துப் பாருங்கள், மூன்று இலட்சத்திலிருந்து ஏழரை இலட்சம். 1500 டொலருக்கு விற்கிறவர் 50 மணித்தியாலம் வேலை செய்திருந்தால் மணிக்கு 30 டொலர், அதிலும் மூங்கில், மூட்டு, றீல் சீட் (றீலைப் பூட்டும் இடம்) செலவு கழியவேண்டும். அங்கே ஒரு பிளம்பர் இதைவிடக் கூட உழைப்பார். ஓர்விஸ், வின்ஸ்டன், தோமஸ் அண்ட் தோமஸ் போன்ற பெரிய பெயர்கள் என்றால் 3000 டொலரைத் தாண்டும். பெயின், கரிசன் என்ற பழைய காலத்துக் கைவினைஞர்களின் வேலைகள் சேகரிப்பவர்களிடம் பல ஆயிரத்துக்குப் போகும், அவற்றில் பாதி தண்ணீரைக் கண்டு வருடக்கணக்காகியிருக்கும், அது மீன்பிடிச் செலவே அல்ல. மறுபக்கம், தொழிற்சாலையில் செய்து இறக்குமதியாகும் மலிவு மூங்கில் றொட்டுகள் சில நூறு டொலருக்கும் உண்டு. சரி, கிரஃபைட்டும் மலிவில்லைதான், முதல்தரக் கிரஃபைட் ஃப்ளை றொட் இப்போது ஆயிரம் டொலரைத் தாண்டி நிற்கிறது. அதோடு வைத்துப் பார்த்தால் கைவேலை மூங்கிலின் விலை அவ்வளவு அநியாயமாகத் தெரியாது.

பழைய றொட்டுகள் சந்தையில் இன்னும் கிடைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1950ல் அமெரிக்கா சீன வர்த்தகத்தைத் தடை செய்ததும் டொன்கின் மூங்கில் வருவது நின்றது, ஏற்கெனவே வாங்கி அடுக்கி வைத்திருந்தவர்கள் மட்டும் சமாளித்தார்கள், மற்றவர்கள் கண்ணாடியிழைக்கு மாறினார்கள். 1970களில் கிரஃபைட் வந்தது. அதற்கு முன்னால் மொன்டேகு, சவுத் பென்ட், ஹெடன், கிரேஞ்சர் போன்ற தொழிற்சாலைகள் மூங்கில் றொட்டுகளைப் பெருவாரியாகச் செய்து தள்ளியிருந்தன. அவைதான் இப்போது வடஅமெரிக்க வீடுகளின் கராஜிலிருந்து வெளிவருகின்றன. மொன்டேகுவும் சவுத் பென்டும் பெரும்பாலும் மலிவு ரகம். கிரேஞ்சரும் ஹெடனின் நல்ல ரகங்களும் வீசுவதற்கு உண்மையிலேயே சுகமானவை. உங்கள் மச்சான் பார்த்தது எந்த வேலை என்று தெரியாமல் 500 டொலர் கூடவா குறைவா என்று சொல்லமுடியாது. கைப்பிடிக்கு மேலே மையால் எழுதிய எழுத்தையும் றீல் சீட்டில் இருக்கும் முத்திரையையும் கிட்டப் பிடித்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெயர் எதுவும் இல்லையென்றால் என் கணக்கில் அது 150 டொலர் சாமான், அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை.

இனிப் பரிசோதனை. இதைப் படத்தில் பார்க்கமுடியாது, மச்சான் நேரில் போய்த்தான் செய்யவேண்டும்.

முதலாவது ஒட்டு. தோட்டத்துப் பங்களா ஒன்றின் பரணிலிருந்து எடுத்த பழைய றொட்டைப் பழுதுபார்க்கச் சொல்லி ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். பார்வைக்கு நல்ல தேன்நிறம், வார்னிஷ்கூட மினுங்கியது. அடித்துண்டை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல முறுக்கினேன், நடுவில் 'டிக் டிக்' என்று சத்தம், பட்டு நூல் சுற்றுக்கு இடையில் இரண்டு கீற்றுகள் நகக்கண் அளவுக்கு விரிந்து உள்ளிருந்து மண்ணிறப் பொடி கொட்டியது. அந்தக் காலத்து மாட்டுத்தோல் பசை, காய்ந்து செத்துவிட்டது. பழைய றொட்டுகள் பலவற்றில் இந்தப் பசைதான், வெக்கையும் ஈரமும் அதற்கு எமன். நம்மூரில் இரண்டுக்கும் குறைவில்லை. ஆகவே முறுக்கிப் பார்க்கவேண்டும், சத்தம் கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வரவேண்டும்.

அடுத்தது நீளம். இரண்டு துண்டும் ஒரே அளவாக இருக்கவேண்டும். நுனித்துண்டு இரண்டு அங்குலம் குறைந்திருந்தால் முறிந்து மறுபடி வளையம் கட்டியது, வீச்சும் கெட்டிருக்கும், விலையும் பாதியாகவேண்டும். மூட்டு லூசாக ஆடுகிறதா, இழுத்தால் மெல்லிய 'டப்' சத்தத்தோடு கழருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு கம்பு நெடுக நோக்கினால் நிரந்தர வளைவு இருக்கிறதா என்று தெரியும். கொஞ்சம் வளைவென்றால் சூடுகாட்டி நிமிர்த்தலாம், கூடுதலென்றால் யாரோ பெரிய மீனோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

அங்கேதான் கொடுவா வருகிறது. ஃப்ளை வீச்சில் பாரம் தூண்டிலில் இல்லை, லைனில் இருக்கிறது. லைனுக்கு எண் வைத்திருப்பது அதன் முதல் 30 அடியின் நிறையை வைத்து: 5ஆம் இலக்கம் ஏறத்தாழ 9 கிராம், 8ஆம் இலக்கம் 13 கிராமுக்குச் சற்று மேல். பழைய மூங்கில் றொட்டுகளில் பெரும்பாலானவை குளிர்நீர் ஓடையில் டிரவுட் மீனுக்காகச் செய்த 4, 5, 6ஆம் இலக்கக்காரர்கள். கொடுவாவோ தூண்டில் பட்டதும் கண்டல் வேருக்குள் ஓடப்பார்க்கும், ஓடவிட்டால் லைன் போயிற்று, நிறுத்தவேண்டுமென்றால் றொட்டை அடியிலிருந்து முறுக்கிப் பிடிக்கவேண்டும். 5ஆம் இலக்க மூங்கிலை அப்படிப் பிடித்தால் வளைந்தது வளைந்தபடியே நிற்கும், இல்லை முறியும். கச்சான் அடிக்கிற மாதங்களில் அந்த இலேசான லைனைக் காற்றுக்கு எதிரே அனுப்புவதும் லேசுப்பட்ட காரியமில்லை. பாலமீன்மடு முகத்துவாரத்தில் பாரைக்கு வீசுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். உப்புத் தண்ணீர் மூட்டைப் பிடித்துக்கொள்ளும், வார்னிஷில் மயிரளவு கீறல் இருந்தாலும் ஈரம் உள்ளே போகும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 1940களில் ஓர்விஸ் நிறுவனத்தில் வெஸ் ஜோர்டன் மூங்கிலுக்குள் பேக்கலைட் வகைப் பிசினை ஏற்றிச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அந்த ஓர்விஸ் றொட்டுகள் ஈரத்தை நன்றாகத் தாங்கும், மேலே வார்னிஷ்கூட இல்லை. மச்சான் பார்த்தது அதுவாக இருந்து, ஒட்டும் மூட்டும் சரியாக இருந்தால், 500 கொடுக்கலாம் என்றுதான் சொல்வேன். நம் காலநிலைக்கு மூங்கில் என்றால் அதுதான்.

ஆனால் றொட் விலையோடு செலவு நிற்காது. லைன் மட்டும் நல்லதாக 80 முதல் 130 அமெரிக்க டொலர், றீல் வேறு, லீடர் (லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் கட்டும் மெல்லிய நரம்பு), ஃப்ளை வேறு. லைன் வாங்கும்போது வெப்பநாட்டு லைன் என்று கேட்டு வாங்கவேண்டும். கனடாக் கடையில் முன்னால் தொங்குவது குளிர்நீர் லைன், அது நம் வெயிலில் இளகிப் பிசுபிசுத்து வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். பலர் இதைத் தெரியாமல் றொட்டைக் குறை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் நன்னீருக்கு வைத்துக்கொள்ளுங்கள். உன்னிச்சை, நவகிரி, சேனநாயக்க சமுத்திரம் மாதிரி இடங்களில் காலை வெயில் ஏறுமுன் திலாப்பியாவுக்கு 4, 5ஆம் இலக்க மூங்கில் மிகவும் பொருந்தும், சின்ன மீன்கூடக் கையில் துடிப்பது தெரியும். விராலுக்கு வேண்டாம், தாமரைக்கொடிக்குள் இழுத்துப் பறிக்கவேண்டி வரும். மூங்கிலுக்கு உரிய மீனே வேண்டுமென்றால் நுவரெலியாப் பக்கம் இருக்கிறது, வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் 1880களில் கொண்டுவந்து விட்ட பிரவுண் டிரவுட்டின் கதை அங்கே தொடங்கியது. ஆனால் ஓட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா, மற்ற இடங்களுக்கும் அனுமதி விசாரிக்காமல் றொட்டோடு போய் நிற்காதீர்கள்.

நானாக இருந்தால் மச்சானிடம் 8ஆம் இலக்க, ஒன்பது அடி, நாலு துண்டு கிரஃபைட் செட் ஒன்று வாங்கிவரச் சொல்வேன். றீலும் லைனும் சேர்ந்து 200, 250 அமெரிக்க டொலருக்குத் தொடக்கக்காரர் செட் வரும், அதாவது 60,000 முதல் 75,000 ரூபாய். மிச்சக் காசுக்கு வெப்பநாட்டு லைன் ஒன்று. நாலு துண்டு என்பதால் பெட்டிக்குள் மடங்கும். அந்த மூங்கில் றொட்டோ ஒவ்வொரு துண்டும் நாலே கால் அடி, குழாயோடு சேர்த்து இன்னும் நீளம், கைப்பொதியாக ஏற்றமாட்டார்கள், விமானத்தின் பொதியறையில் போட்டால் அதன் மேல் எது விழும் என்று தெரியாது. கொண்டுவந்தே ஆவேன் என்று மச்சான் நின்றால், பிளாஸ்டிக் வடிகால் குழாய்க்குள் துணி சுற்றி வைத்து, இருமுனையும் அடைத்து, பருமன் கூடிய பொதிக்கான கட்டணத்தை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவைக்கச் சொல்லுங்கள். இங்கே வந்ததும் குழாயிலிருந்து எடுத்து, துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள், சாத்தி வைக்கவேண்டாம். வீட்டுக்குள் பூட்டிப் பார்க்கும்போது முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள்.