கேட்டின் ஓரம் காத்திருப்பவர்கள்
வாசகர் கேள்வி – பதில்

ஈவ் ஆன்லைன் என்னும் விண்வெளிப் போர் விளையாட்டில் ஒன்பது ஆண்டுகளாகக் கொள்ளையனாகப் பறந்து வருவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, எங்கள் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் எழுதியவர்களுள் ஐவருக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: படிவம் ஐந்தில் படிக்கும் என் மகன், பிறருடைய கப்பலைப் பிடித்துப் பொருளைப் பறிப்பதாகத் தன் தங்கையிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டால், அந்த விளையாட்டில் அதற்கு இடம் உண்டு என்கிறான். உண்மையா? நாளைக்குப் போலீஸ் வந்து வாசலில் நின்றால் நாங்கள் என்ன செய்வது? – ஒரு தாயார், சுங்கை சிப்புட்

உங்கள் மகன் சொன்னது உண்மைதான், அக்கா. ஐஸ்லாந்து நாட்டின் ரெய்க்யவிக் நகரில் இயங்கும் சிசிபி நிறுவனம் 2003ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட இந்த விளையாட்டில் 7,000க்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் உள்ளன. சீனாவுக்கென்று தனியாக ஒன்று இருப்பதைத் தவிர, உலகெங்கிலும் இருந்து விளையாடுகிறவர்கள் எல்லாரும் ஒரே வெளியில்தான் பறக்கிறார்கள். ஒவ்வொரு மண்டலத்துக்கும் பாதுகாப்பு எண் ஒன்று உண்டு. 1.0 முதல் 0.5 வரை உள்ள இடங்களில் ஒருவரை அநியாயமாகச் சுட்டால், காங்கார்ட் என்னும் காவற்படை சில நொடிகளில் வந்து சுட்டவரின் கப்பலை அழித்துவிடும். அதிலிருந்து தப்புவதற்கு வழியே இல்லை. 0.4 முதல் 0.1 வரை உள்ள தாழ்பாதுகாப்பு வெளியில் காங்கார்ட் வராது. ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ உதவும் கேட்டுகளுக்கும் நிலையங்களுக்கும் பக்கத்தில் உள்ள தானியங்கிப் பீரங்கிகள் மட்டுமே சுடும். 0.0க்கும் அதற்குக் கீழும் கேட்பாரே கிடையாது. உங்கள் மகன் உலவுவது பெரும்பாலும் அந்த நடுவெளியாகத்தான் இருக்கும்.

தண்டனை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அநியாயமாகச் சுடும் ஒவ்வொரு முறையும் அவருடைய பாதுகாப்பு மதிப்பு இறங்கிக்கொண்டே போகும். அது -5.0ஐத் தொட்டுவிட்டால், பாதுகாப்பான இடங்களில்கூட யார் வேண்டுமானாலும் அவரைச் சுடலாம். சுட்டவர் மீது எந்தக் குற்றமும் விழாது. கடைசிப் படி -10. என் கணக்கு பல ஆண்டுகளாக அந்தக் கடைசிப் படியை ஒட்டியே இருக்கிறது. விளையாட்டின் ஜித்தா மண்டலத்தில் உள்ள பெரிய சந்தைக்கு நான் நிம்மதியாகப் போய்ச் சாமான் வாங்கி வெகுகாலம் ஆகிவிட்டது.

வாசலுக்குப் போலீஸ் வரக்கூடிய செயல்களும் உண்டு. அவை விளையாட்டுக்கு வெளியே நடப்பவை. இன்னொருவரின் கடவுச்சொல்லைத் திருடி அவருடைய கணக்குக்குள் நுழைவது நம் மலேசியாவில் 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் வரும் குற்றம். விளையாட்டுக்குள் சேர்த்த இஸ்க் என்னும் பணத்தை உண்மையான வெள்ளிக்கு விற்பது குற்றமா இல்லையா என்ற வாதத்துக்கே இடமின்றி, நிறுவனம் அந்தக் கணக்கை முடக்கிவிடும். இந்த இரண்டையும் செய்வதில்லை என்று மகனிடம் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதை அவன் போக்கில் விடலாம்.

கேள்வி: செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். இலவசக் கணக்கு ஒன்று திறந்திருக்கிறேன். ஒரு கப்பலைப் பிடிப்பது எப்படி என்று, உங்கள் வாயால் கேட்க ஆசை. – ஒரு வாசகர், தெலுக் இந்தான்

2016ஆம் ஆண்டு நவம்பரில் அறிமுகமான இலவசக் கணக்கே இதற்குப் போதும், தம்பி. மின்மதார் இனத்தாரின் ரிஃப்டர் என்னும் சிறு போர்க்கப்பலில் தொடங்குங்கள். மலிவானது, வேகமானது, பத்துக் கப்பல் தொலைந்தாலும் மனம் உடையாது. பத்தும் தொலையும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

புதியவர்கள் சுடுவதைப் பற்றியே நினைக்கிறார்கள். இந்தத் தொழிலின் பெரும்பகுதி பார்ப்பதும் பொறுத்திருப்பதும்தான். ஒரு மண்டலத்துக்குள் நுழைந்தவுடன், லோக்கல் என்னும் பட்டியலில் அங்கிருக்கும் அனைவரின் பெயரும் தெரியும்; உங்கள் பெயரும் அவர்களுக்குத் தெரியும். அந்த நொடியிலிருந்து இரண்டு பக்கமும் கணக்குப் போடத் தொடங்கிவிடும். டி-ஸ்கேன் என்னும் கருவி உங்களைச் சுற்றி 14.3 வானியல் அலகு தூரம் வரை உள்ள கப்பல்களைச் சொல்லும். ஆனால் எந்த இடத்தில் என்று சொல்லாது. பார்வைக் கோணத்தை 360 பாகையிலிருந்து 60, 30, கடைசியில் 5 பாகை வரை குறுக்கிக்கொண்டே வந்து, ஒவ்வொரு கோளையும் ஒவ்வொரு பாறைத்திட்டையும் நோக்கித் திருப்பிப் பார்த்து, இந்தத் திட்டில்தான் ஒருவர் தாது வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று உறுதி செய்ய வேண்டும். என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் இருட்டில் பால்மரம் வெட்டப் போகும்போது, நிரையில் எத்தனையாவது மரத்தில் பட்டை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று விளக்கில்லாமலே சொல்வார். அந்தப் பழக்கம் போன்ற ஒன்று, நூறு இரவுகள் கோணத்தைக் குறுக்கிய பிறகு கைக்கு வரும்.

இடம் தெரிந்ததும் பாய்ந்து போய், அவர் தப்பி ஓடாதபடி பிடிக்க வேண்டும். இதற்கு இரண்டு கருவிகள் உண்டு. வார்ப் டிஸ்ரப்டர் 20 கிலோமீட்டர் தூரத்திலிருந்தே பிடிக்கும். ஸ்கிராம் என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் கருவி ஏழரைக் கிலோமீட்டருக்குள் மட்டுமே எட்டும். ஆனால் அவருடைய மைக்ரோவார்ப் உந்தியையும் சேர்த்து நிறுத்திவிடும். கூடவே வெப் ஒன்றைப் போட்டு அவர் வேகத்தைக் குறைத்தால், சண்டை நீங்கள் விரும்பும் தூரத்தில் நடக்கும். கேட்டின் அருகில் இதைச் செய்யாதீர்கள்; அங்குள்ள பீரங்கி ரிஃப்டரை நொடியில் சிதைத்துவிடும். தாமா, அமாமாக்கே போன்ற பெயர்பெற்ற மண்டலங்களில் கேட்டை மறித்து நிற்பவர்கள், அந்தச் சூட்டைத் தாங்கும் பெரிய கப்பல்களோடு கூட்டமாக நிற்பவர்கள்.

கப்பல் வெடித்தால் அதில் இருந்த கருவிகளும் சரக்கும் ஏறத்தாழப் பாதி அழிந்துபோகும், மிஞ்சுவதுதான் உங்களுக்கு. அவர் பாட் என்னும் உயிர்க்கூட்டில் வெளியே வருவார். அந்தக் கூட்டையும் உடைத்தால் உங்கள் பாதுகாப்பு மதிப்பு இன்னும் பெரிதாக விழும். அவரோ, திறன் கூட்ட உடலில் பொருத்தியிருந்த இம்ப்ளாண்டுகளை எல்லாம் இழந்து, தன் நிலையத்தில் புது உடலில் விழிப்பார். நான் உடைப்பதில்லை. கப்பலோடு என் வேலை முடிந்துவிட்டது.

கேள்வி: ராண்சரில் என் சரக்குக் கப்பலைப் பிடித்தவர்கள் மீட்புப்பணம் கேட்டார்கள். கேட்ட தொகையை அனுப்பினேன். வாங்கிக்கொண்டு கப்பலை வெடித்துவிட்டார்கள். நிறுவனத்திடம் புகார் செய்தேன். விதி மீறப்படவில்லை என்று பதில் வந்தது. நீங்களும் இப்படிச் செய்பவர்தானா? – ஒரு வாசகர், கூலிம்

இல்லை. ஒருமுறைகூடச் செய்ததில்லை.

நிறுவனத்தின் பதில் அவர்களுடைய விதிப்படி சரியானது. இந்த விளையாட்டில் ஏமாற்றுவதற்குத் தடை கிடையாது. 2005ஆம் ஆண்டில் கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப் என்னும் கூலிப்படைக் குழு, எதிரிகளின் அமைப்புக்குள் ஆட்களை நுழைத்து, மாதக்கணக்கில் நம்பிக்கையைச் சம்பாதித்து, ஒரே இரவில் தலைவியின் கப்பலை அழித்துக் கிடங்குகளையும் காலி செய்தது. அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. விளையாட்டின் வரலாற்றில் பெருமைக்குரிய பக்கமாகவே பலர் அதைச் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

மீட்புப்பணம் கேட்கும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். ஸ்கிராம் பிடித்திருக்கிறது, கவசம் போய்விட்டது, உடல்தகட்டில் பாதி எரிந்துவிட்டது. எதிரில் இருப்பவர் ஜெர்மனியிலோ பிரேசிலிலோ பெர்லிஸிலோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று வாரம் தாது வெட்டிச் சேர்த்ததை இழக்கப்போகிறார். நான் சுடுவதை நிறுத்திவிட்டு, இத்தனை இஸ்க் அனுப்பினால் விட்டுவிடுகிறேன் என்று எழுதுகிறேன். அதை நம்புவதற்கு என் சொல்லைத் தவிர அவரிடம் வேறு எதுவும் இல்லை. ஒப்பந்தம் இல்லை, சாட்சி இல்லை, கேட்டு வாங்க நீதிமன்றமும் இல்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த நிலை தெரியும். பாட்டி வெட்டிய பாலைக் கொட்டாயில் நிறுக்கும்போது, தராசின் முள் கணக்கெழுதும் கிராணியின் பக்கம் பார்த்திருக்கும். பாட்டி நிற்கும் பக்கத்திலிருந்து தெரியாது. அவர் சொல்லும் எடைதான் எடை. சரியாகச் சொன்ன கிராணியும் இருந்தார், குறைத்துச் சொன்னவரும் இருந்தார். குறைத்துச் சொன்னவரின் பெயரை, தோட்டம் துண்டாடப்பட்டு நாங்கள் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்து இருபது ஆண்டுகள் கழித்தும், பாட்டி ஒரு தனிக் குரலில்தான் சொல்வார். முதல்முறை மீட்புப்பணம் கேட்டு எழுதியபோது எனக்கு அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. தராசின் முள் என் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆகவே நானும் என்னோடு பறக்கும் நால்வரும் ஒரு கட்டுப்பாட்டை வைத்திருக்கிறோம். தொகையை ஒருமுறை மட்டுமே சொல்வோம். வந்த பிறகு ஏற்ற மாட்டோம். பணம் வந்ததும் ஸ்கிராமை எடுத்துவிட்டு, அவர் அந்த மண்டலத்தை விட்டுப் போகும்வரை எங்களில் ஒருவர் கேட்டின் அருகே நின்று பார்ப்போம். அன்று இரவு மறுபடி எங்களிடம் அவர் சிக்கினால் சும்மா விட்டுவிடுவோம். கொடுக்க முடியாது என்று சொல்பவரின் கப்பலை வெடிப்போம். அதில் எனக்கு உறுத்தல் இல்லை, அவர் நுழைந்தது தாழ்பாதுகாப்பு வெளி. ஆனால் வாங்கிவிட்டு வெடிப்பது வேறு செயல். உங்களுக்கு நேர்ந்ததைப் போன்ற ஒவ்வொரு சம்பவத்துக்குப் பின்னும், அடுத்து மாட்டுகிறவர் எங்களையும் நம்பாமல் மரணத்தையே தேர்ந்தெடுக்கிறார். இன்று மீட்புப்பணம் கேட்டால் பத்தில் ஒருவராவது கொடுக்கிறாரா என்பது சந்தேகம். கப்பலும் போகிறது, எங்களுக்கும் பாதிச் சரக்குதான்.

உங்களுக்கு ஒரு யோசனை: கொடுப்பதற்கு முன், யார் யாருடைய கப்பலை அழித்தார் என்று பதிவாகும் கில்போர்ட் என்னும் இணையப் பட்டியலில் உங்களைப் பிடித்தவரின் பெயரைத் தேடிப் பாருங்கள். உயிர்க்கூட்டையும் விடாமல் உடைக்கும் பழக்கம் உள்ளவரா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். உடைப்பவராக இருந்தால், ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நிஜக் கொள்ளையால் துன்பப்பட்ட மலாக்கா நீரிணையின் கரையில் வாழும் நாம், கொள்ளையை விளையாட்டாக ஆடுவது தகுமா? – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பாகான் செராய்

ஐயா, இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உலகக் கடற்கொள்ளைச் செய்திகளைத் திரட்டும் அனைத்துலகக் கடல்சார் பணியகத்தின் மையம் 1992 முதல் நம் கோலாலம்பூரில்தான் இயங்குகிறது. 2005ஆம் ஆண்டில் லண்டன் காப்புறுதிச் சந்தை மலாக்கா நீரிணையைப் போர் அபாயப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்து, மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் நடத்திய கூட்டுச் சுற்றுக்காவலுக்குப் பிறகு 2006இல்தான் நீக்கியது. அந்தக் கடலில் பிணையாகப் பிடிக்கப்பட்டவர்கள் மாலுமிகளும் மீனவர்களும். அவர்களுக்கு வேறொரு நிலையத்தில் புது உடலில் விழிக்கும் வசதி கிடையாது.

நான் செய்வது அதன் சாயல்கூட அல்ல என்றுதான் நம்புகிறேன். நம் பழம்பாடல்களின் பாலை நிலத்தில் வழிப்போக்கரை மறிக்கும் ஆறலைகள்வர் வருகிறார்கள். அவர்கள் இருப்பதால்தான் பொருள் தேடிப் பிரிந்து போகும் தலைவனின் பயணத்துக்கு எடை கூடுகிறது. இந்த விளையாட்டிலும் அப்படியே. வழியில் யாரும் மறிக்க மாட்டார்கள் என்றால், சரக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்பவரின் திறமைக்கு மதிப்பே இராது. ஜித்தாவில் ஒரு விலையும் எல்லை மண்டலத்தில் வேறு விலையும் இருப்பதற்குக் காரணமே நாங்கள் நிற்பதுதான். ஆனாலும், உறவினர் யாரேனும் உண்மையான கடற்கொள்ளையில் சிக்கியிருந்தால், அவர் முன் இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்.

கேள்வி: ஆலையில் சுழல்முறை வேலை. ஐரோப்பியர்கள் விளையாடும் நேரத்துக்கு விழித்திருந்தால் உடம்பு தாங்குமா? – ஒரு வாசகி, பீடோர்

தாங்காது, தங்கச்சி. அந்த விளையாட்டின் கடிகாரம் அனைத்துலக நேரத்தில் ஓடுகிறது. ஐரோப்பியர் கூட்டம் நிறையும் நேரம் அந்தக் கடிகாரத்தில் இரவு ஏழு மணி; நமக்கு அது விடியற்காலை மூன்று. முதல் இரண்டு ஆண்டுகள் அந்த நேரத்தைத் துரத்திப் போய், காலையில் பசியாறக்கூட எழ முடியாமல் கிடந்தேன். பிறகு நம் மாலையிலும் முன்னிரவிலும் பறக்கும் ஆஸ்திரேலியர்களோடும் ஜப்பானியர்களோடும் சேர்ந்துகொண்டேன். கூட்டம் குறைவு, ஆனால் தனிக் கப்பல்கள் அதிகம் கிடைக்கும், ஒருவரோடு ஒருவர் என்ற நேரான சண்டையும் கிடைக்கும். திறன்கள் நீங்கள் உறங்கும்போதும் ஆலையில் நிற்கும்போதும் தாமாகவே வளரும் என்பதால், விழித்திருந்தால்தான் முன்னேறலாம் என்ற கவலை வேண்டாம்.

நாள்தோறும் அனைத்துலக நேரம் 11 மணிக்குப் பராமரிப்புக்காக எல்லாரையும் வெளியேற்றிச் சில நிமிடங்கள் மூடிவிடுவார்கள். நமக்கு அது மாலை ஏழு மணி. எங்கள் வீட்டில் விளக்கு வைக்கும் நேரமும் அதுவே என்பதால், ஒன்பது ஆண்டுகளில் அம்மா என்னை அதற்காக இரண்டாவது முறை கூப்பிட வேண்டியிருந்ததில்லை.