வெயிலில் தெரியும் சிலந்தி வலை: கார் பாலிஷ், பேட் கேள்வி பதில்

வெயில் பட்டதும் கார் பெயிண்டில் மின்னும் மெல்லிய வட்டக் கோடுகளை, அதாவது ஸ்வர்ல் மார்க்கை, எடுப்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கோவையில் 14 வருடமாக இதுதான் என் வேலை. கையில் செய்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து: அண்ணா, கறுப்பு கார் வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. நிழலில் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்க சிலந்தி வலை. எங்கேயும் உரசவே இல்லை. எப்படி வந்தது?

தினமும் காலையில் காரை யார் துடைக்கிறார்கள் தம்பி? அபார்ட்மென்ட் என்றால் பெரும்பாலும் ஒரே வாளித் தண்ணீரிலும் ஒரே துணியிலும் பத்து கார் துடைப்பார்கள். ராத்திரி படிந்த புழுதியில் மணல் இருக்கும். துணி அதை இழுத்துக்கொண்டு போகும் வழியெல்லாம் கோடுதான். காற்றில் அடித்துக்கொள்ளும் கார் கவரும் இதே வேலையைச் செய்யும்.

கோடுகள் உண்மையில் வட்டமாக இல்லை, எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் சூரியனைச் சுற்றி வட்டம் போட்ட மாதிரி தெரிகிறது. தலையை நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும். வெள்ளை காரிலும் இதே அளவு கோடு இருக்கும், கண்ணில் படாது, அவ்வளவுதான்.

ஈரோட்டிலிருந்து: பாலிஷ் போட்டால் பெயிண்ட் தேய்ந்துவிடும், வேண்டாம் என்கிறார் எங்கள் ஊர் பெயிண்டர். உண்மையா சார்?

தேயும். அவர் சொல்வது சரி. எவ்வளவு தேயும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத கிளியர் கோட் ஒன்று உண்டு. பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் கனம், தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. ஸ்வர்ல் எல்லாம் இந்தப் படலத்தின் மேல்தோலில்தான் இருக்கும். கோட்டின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள இடத்தைச் சமமாக இறக்கினால் கோடு மறையும். மென்மையான பாலிஷ் ஒரு மைக்ரான் அளவுக்குத்தான் எடுக்கும். வேகமாகத் தேய்க்கும் முரட்டு பாலிஷான காம்பவுண்டை, மெஷினில் மாட்டும் முரட்டு பேடில் போட்டு அழுத்தினால் மூன்று நான்கு மைக்ரான்கூடப் போகும். வெயிலைத் தாங்கும் பொருளும் இந்தப் படலத்தில்தான் கலந்திருக்கிறது. அதனால் இதைச் சேமிப்புப் பணம் மாதிரி நினையுங்கள். எடுக்கலாம், ஆனால் திரும்பப் போட முடியாது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருடைய சில்வர் கலர் காரில் பானெட் விளிம்பில் மெஷினைச் சாய்த்துப் பிடித்துவிட்டேன். சில நொடிதான். கிளியர் கோட் போய் அடியில் இருந்த நிறம் வெளுத்துத் தெரிந்தது. பானெட் முழுவதற்கும் என் செலவில் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். விளிம்பிலும் பாடி லைன் மடிப்பிலும் பெயிண்ட் எப்போதும் மெல்லிசாக இருக்கும். அந்த இடங்களில் டேப் ஒட்டாமல் இன்றுவரை நான் மெஷினை எடுப்பதில்லை.

சேலத்திலிருந்து: எந்த பாலிஷ், எந்த பேட் என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள் அண்ணா. கடையில் நூறு பாட்டில் இருக்கிறது. எண்ணும் கலரும் பார்த்துத் தலை சுற்றுகிறது.

எண்ணையும் கலரையும் நம்பி வாங்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மென்செர்னாவில் 400 முரடு, 2500 நடுத்தரம், 3800 கடைசி மினுக்கு. எண் ஏற ஏற மென்மை. கோக் கெமியில் எச் 9 முரடு, எம் 3 மென்மை. எண் இறங்க இறங்க மென்மை. மெக்வயர்ஸில் எம் 105 வெட்டுவதற்கு, எம் 205 முடிப்பதற்கு. பேட் கலரும் அப்படித்தான். ரூப்பஸில் மஞ்சள் ஃபோம் மென்மையானது, லேக் கன்ட்ரியில் மஞ்சள்தான் நன்றாக வெட்டும் முரட்டு பேட். ரூப்பஸ் மஞ்சளில் பழகியவர் லேக் கன்ட்ரி மஞ்சளை எடுத்துக் கறுப்பு காரில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

நான் தேர்வு செய்யும் முறை இதுதான். முதலில் மென்மையான ஃபோம் பேட், முடிக்கிற பாலிஷ். பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரம் டேப் ஒட்டி, அதற்குள் மட்டும் போட்டுப் பார்ப்பேன். துடைத்துவிட்டு டார்ச் அடித்தால் கோடு போயிருக்கிறதா? போயிருந்தால் கார் முழுவதுக்கும் அதுவே போதும். பாதிதான் போயிருந்தால் பாலிஷை மாற்ற மாட்டேன், பேடை ஒரு படி முரடாக்குவேன். பலருக்கு இது தெரிவதில்லை. அதே பாலிஷ் மென்மையான ஃபோமில் ஒரு மாதிரி வெட்டும், கட்டிங் ஃபோமில் வேறு மாதிரி வெட்டும், மைக்ரோஃபைபர் பேடில் இன்னும் வேகமாக வெட்டும். பேடை மாற்றியும் போகவில்லை என்றால்தான் காம்பவுண்ட் பாட்டிலைத் திறப்பேன். உல் பேட், அதாவது கம்பளி பேட், கடைசி ஆயுதம். வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்ட தடத்தை எடுக்கத்தான் எனக்குப் பெரும்பாலும் தேவைப்படும்.

புதிதாகத் தொடங்குபவர் ஒரு நடுத்தர பாலிஷ், ஒரு முடிக்கிற பாலிஷ், நடுத்தர ஃபோம் பேட் நான்கு, மென்மையான பேட் இரண்டு வாங்கினால் போதும். பாட்டில் குறைந்தாலும் பரவாயில்லை, பேட் குறையக் கூடாது. ஒரு பேடில் கார் முழுவதும் போட்டால் தேய்ந்த கிளியர் கோட்டும் பழைய பாலிஷும் அதில் அடைத்துக்கொள்ளும், சூடும் ஏறும். அந்த அழுக்கு புதுக் கோடு போடும்.

சென்னை, வேளச்சேரியிலிருந்து: அதே பாலிஷ், அதே பேட். என் சித்தப்பாவின் ஜெர்மன் காரில் ஒன்றுமே நடக்கவில்லை, என் ஜப்பான் காரில் மங்கலாகிவிட்டது. ஏன்?

கிளியர் கோட் எல்லாம் ஒரே கடினம் கிடையாது. பொதுவாக ஜெர்மன் கார்களில் கெட்டி, ஜப்பான் கார்களில் இளக்கம். மெர்சிடிஸ் 2003-லிருந்து நுண்ணிய செராமிக் துகள் சேர்த்த கிளியர் கோட்டையே பயன்படுத்தத் தொடங்கியது. கெட்டி பெயிண்டில் கோடு சுலபமாக விழாது, விழுந்தால் சுலபமாகப் போகாது. இளகிய பெயிண்டில் பாலிஷே மெல்லிய புகை மாதிரி தடம் விடும். உங்கள் காருக்கு மென்மையான பேடில் முடிக்கிற பாலிஷை வைத்து, கடைசி இரண்டு சுற்றை அழுத்தமே இல்லாமல் ஓட்டுங்கள். மங்கல் போய்விடும். ஆனால் கார் எந்த நாட்டுக் கம்பெனி என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள், டெஸ்ட் பண்ணிப் பார்த்ததுதான் கணக்கு.

திருப்பூரிலிருந்து: ஒரு இடத்தில் ரப்பிங் பாலிஷ் போட்டு வாங்கினேன். பழைய கோடு போய்விட்டது, இப்போது வெயிலில் நிழல் நிழலாக அலை தெரிகிறது.

அது ஹோலோகிராம். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினில் உல் பேட் போட்டு, அடுத்த படி செய்யாமல் விட்டால் வரும். ரோட்டரி கெட்ட மெஷின் கிடையாது, தெரிந்தவர் கையில் அற்புதமாக வேலை செய்யும். வீட்டில் செய்பவர்களுக்கு நான் டிஏ (டூயல் ஆக்‌ஷன்) மெஷினைத்தான் சொல்வேன். அது சுழன்றுகொண்டே ஆடும், ஒரே இடத்தில் சூடு சேராது. உங்கள் காருக்கு டிஏவில் மென்மையான ஃபோமும் முடிக்கிற பாலிஷும் வைத்து ஒரு சுற்று போட்டால் அநேகமாகச் சரியாகிவிடும்.

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி: மெஷின் வாங்கும் வசதி இல்லை. கையால் செய்ய முடியுமா அண்ணா? கதவுக் கைப்பிடிக் குழியில் நகக் கீறல்தான் அதிகம்.

கைப்பிடிக் குழிக்குக் கைதான் சரி அம்மா, மெஷின் அங்கே நுழையாது. சின்ன ஃபோம் அப்ளிகேட்டரில் இரண்டு சொட்டு பாலிஷ் விட்டு, நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஒரு நிமிஷம் தேயுங்கள். பாலிஷ் வாங்கும்போது கையால் போடவும் ஏற்றது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மெக்வயர்ஸ் அல்டிமேட் காம்பவுண்ட் அப்படிப்பட்டது. சில பாலிஷில் துகள் தேயத் தேய உடைந்து சன்னமாகும். அதற்குக் கை வேகம் போதாது. கார் முழுவதும் கையால் செய்வது மட்டும் வேண்டாம், தோள் போய்விடும், பளபளப்பும் இடத்துக்கு இடம் மாறும்.

வேலூரிலிருந்து: பாலிஷ் போட்டால் மாவு மாதிரி காய்ந்து பறக்கிறது. மட்டமான பாலிஷா?

எத்தனை மணிக்குப் போட்டீர்கள்? உங்கள் ஊர் வெயிலில் பானெட் தொட முடியாத சூட்டில் இருக்கும், எந்த பாலிஷும் காயும். விடியற்காலை, நிழலில், பானெட்டில் உள்ளங்கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும்போது செய்யுங்கள். பட்டாணி அளவில் நான்கு சொட்டு, இரண்டு அடிச் சதுரத்துக்குப் போதும். மெஷினை மெதுவாக நகர்த்துங்கள், நொடிக்கு ஒரு அங்குலம். குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து சுற்று. ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். எம் 105 வெயிலில் சீக்கிரம் காயும் ரகம்தான், எம் 205 பொறுமையாக வேலை செய்ய விடும்.

இன்னொன்று. கழுவி, களிமண் கட்டி (பெயிண்டில் ஒட்டிய துகளை எடுக்கக் கடையில் விற்கும் கிளே பார்) போட்டு, சொரசொரப்பு போன பிறகுதான் பாலிஷ். இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் துகளை நீங்களே இழுத்துக் கோடு போடுவீர்கள்.

கும்பகோணத்திலிருந்து: அப்பாவின் பழைய அம்பாசடர். பாலிஷ் போட்டால் பேட் முழுக்க பெயிண்ட் கலர் ஒட்டுகிறது. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம். அந்தக் காலத்துப் பெயிண்டில் கிளியர் கோட் கிடையாது, நிறமே மேல்தோல். அதனால் கலர் வரத்தான் செய்யும். ஆனால் எத்தனை முறை பெயிண்ட் அடித்தார்கள், அடியில் எவ்வளவு பட்டி இருக்கிறது என்று தெரியாது. மென்மையான பேட், மென்மையான பாலிஷ், ஒரே சுற்று. அடியில் பிரைமர் எட்டிப் பார்த்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அப்பா ஓட்டிய கார், ஒன்றிரண்டு கோடு இருந்தால் இருக்கட்டும்.

நாகர்கோவிலிலிருந்து: செராமிக் கோட்டிங் போட்டால் கோடு மறையும் என்றார்கள்.

மறையாது. கோட்டை உள்ளே வைத்து மூடியதாகத்தான் ஆகும், பிறகு பாலிஷ் போட வேண்டுமானால் கோட்டிங்கையும் சேர்த்து எடுக்க வேண்டும். முதலில் பாலிஷ். அப்புறம், சில பாலிஷில் உள்ள எண்ணெய் கோட்டை நிரப்பி மறைத்துவிடும், இரண்டு கழுவலில் திரும்ப வரும். அதனால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்த பிறகுதான் கோடு உண்மையில் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து: மேட் பெயிண்டுக்கு என்ன பேட்?

எதுவும் வேண்டாம். பாலிஷ் பட்ட இடம் பளபளத்துவிடும், திரும்ப மேட் ஆகாது.

மதுரைத் தம்பி மறுபடியும்: சரி அண்ணா, பாலிஷ் போட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்வோம். காலையில் துடைக்கிறவரை என்ன செய்வது? பாவம், நல்ல மனிதர்.

சம்பளத்தைக் குறைக்காதீர்கள். கண்ணாடியும் டயரும் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், பாடியைத் தொட வேண்டாம் என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். வாரம் ஒரு நாள் நீங்களே கழுவுங்கள்: முதலில் பைப்பில் தண்ணீரை ஓடவிட்டுப் புழுதியை இறக்குங்கள், பிறகு ஷாம்பூ தண்ணீர் ஒரு வாளி, கார் கழுவும் கையுறையை அலச வெறும் தண்ணீர் ஒரு வாளி. துடைக்கத் தடிமனான மைக்ரோஃபைபர் டவல். போர் தண்ணீர் என்றால் காய விடாதீர்கள், உப்புப் புள்ளி படிந்துவிடும். நடுவில் காக்கா எச்சம் விழுந்தால் மட்டும் வாரக் கடைசி வரை வைக்காமல், ஈரத் துணியை மேலே போட்டு ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, தேய்க்காமல் தூக்கி எடுங்கள்.