2020 அமெரிக்கத் தேர்தலில் வாக்குப்பதிவு 66 சதவீதமா, 62 சதவீதமா?

இரண்டும் சரிதான், வகுக்கும் எண்தான் வேறு. 62 என்பது 18 வயது நிறைந்த எல்லோரையும் வைத்துப் போட்டது. 66 வாக்குரிமை உள்ளவர்களை மட்டும் வைத்துப் போட்டது. முதல் கணக்கில் குடியுரிமை இல்லாதவர்களும் சேர்ந்துவிடுகிறார்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள். பதிவான வாக்குகள் ஏறக்குறைய 16 கோடி. அதை 25.8 கோடியால் வகுத்தால் 62, 24 கோடியால் வகுத்தால் 66-க்குச் சற்று மேல்.

பழைய தேர்தல்களோடு ஒப்பிடும்போது தயவுசெய்து இரண்டையும் கலக்காதீர்கள். 1972-க்குப் பிறகு வாக்களிப்பு சரிந்துகொண்டே போனதாகப் பலர் நம்பியதற்கு அந்த முதல் வகைக் கணக்கும் ஒரு காரணம். குடியேறியவர்கள் பெருகப் பெருக விகிதம் தானாகவே இறங்கியது.

அப்புறம், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை வெளியிடும் விகிதம் மக்களிடம் கேட்டு எடுப்பது. வாக்களிக்காத சிலரும் ‘போட்டேன்’ என்றுதான் சொல்வார்கள்.