இலங்கை மலைநாட்டில் கார் ஓட்டிப் பார்க்க அழகான பாதை எது?

தமிழ்நாட்டிலிருந்து வருகிறீர்கள், கையில் மூன்று நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் நுவரெலியாவைச் சொல்லியிருக்கிறார்கள். ஏப்ரல் சீசன் என்றால் அங்கே வாகன நெரிசலிலேயே பாதி நாள் போய்விடும். பதினாலு வருஷமாக வேன் ஓட்டுகிறவன், பிறந்தது அப்புத்தளைப் பக்கம். என் ஊர்ப் பாதையைத்தான் சொல்வேன்.

அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்குங்கள். முடக்குக்கு முடக்கு தெற்குச் சமவெளி திறந்துகொண்டே வரும். செகண்ட் கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை நம்ப வேண்டாம். பிறகு கொஸ்லந்தை, 220 மீட்டர் தியலும நீர்வீழ்ச்சி, வெல்லவாய. அங்கிருந்து இராவணா எல்ல அருவி வழியாக எல்ல ஊருக்கு ஏறி, பண்டாரவளையைத் தொட்டு அப்புத்தளைக்கே திரும்பலாம். ஒரு பகல் போதும். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் ரோட்டில் 2025 செப்டம்பரில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அதனால்தான் அந்தப் பக்கம் ஏறச் சொல்கிறேன்.

கொஸ்லந்தையில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். 2014 அக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்கள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், ஆட்களோடு புதைந்தது அங்கேதான்.

இப்போது நான் சொல்ல வந்தது. 2022-இல் ஒரு குடும்பத்தைக் கூட்டிப்போனேன், நல்ல மனிதர்கள். ரோட்டோர மலையில் என் சின்னம்மா தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, அந்தக் கூடையைக் கொஞ்சம் தரச் சொல்லுங்களேன்" என்றாள் அந்த வீட்டுப் பிள்ளை. நானே வாங்கிக் கொடுத்தேன். பட்டியைத் தலையில் மாட்டத் தெரியாமல் கூடை சரிந்து, கொழுந்து தார் ரோட்டில் கொட்டியது. சின்னம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண் ஒட்டியதைக் கழித்து மிச்சத்தை அள்ளினார். படமும் எடுத்து முடிய அரை மணி. அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழ 18 கிலோ வேண்டும். நிறுத்தபோது 17. அரைப்பேர்தான் போட்டார்கள். அப்போது நாட்சம்பளம் 1000 ரூபாய், அதில் 500 போனது. நான் கொடுக்கப் போனதையும் வாங்கவில்லை. "போகட்டும் தம்பி, பிள்ள ஆசப்பட்டுச்சி" என்றார்.

உடனே "இவன் சுற்றுலாவுக்கே எதிரி" என்று யாராவது எழுதுவீர்கள். என் வீட்டு அடுப்பு எரிவதே அதில்தான். படம் எடுங்கள், கேட்டுவிட்டு எடுங்கள். கூடையை மட்டும் வாங்காதீர்கள்.

இன்னொன்று. வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் "நீங்க இந்தியாவில எந்த ஊரு?" என்று கேட்கிறார்கள். மலையகத் தமிழர்களான எங்கள் ஆட்கள் இந்த மலைக்கு வந்து 200 வருஷம் ஆகிவிட்டது. 1948-இல் எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். இங்கேயே லயனில் பிறந்த என் பாட்டிக்கு அது திரும்பக் கிடைத்தது 2003 சட்டத்துக்குப் பிறகுதான். அந்தப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, சாமிப் படத்துக்குப் பின்னால்தான் வைத்திருந்தார். நான் அப்புத்தளைக்காரன். கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அப்புத்தளைக்குப் பக்கத்தில் மலை உச்சியிலிருந்து ஊரைப் பார்க்கும் இடமான லிப்டன் சீட்டுக்குக் காலை ஏழு மணிக்குள் ஏறிவிடுங்கள். பிந்தினால் மூடுபனி ஏறி ஒன்றும் தெரியாது.