டைப் 1 நீரிழிவு உள்ள பெண் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பத்து வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்வதாகவும், திருமணமாகி ஓராண்டு ஆன நிலையில் 'உனக்கும் ஆபத்து, குழந்தைக்கும் இந்த நோய் வந்துவிடும்' என்று உறவினர்கள் தடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால், நாள் தள்ளிப்போன பிறகு சர்க்கரையைக் கவனித்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். நானும் சிறு வயதிலிருந்தே டைப் 1 நீரிழிவோடு, அதாவது உடல் தானாக இன்சுலின் சுரக்காத நிலையோடு வாழ்பவள். பள்ளிக்குச் செல்லும் ஒரு மகளுக்குத் தாய். மருத்துவம் படித்தவள் அல்லள் என்பதால், இங்கே எழுதுவதை உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தையின் இதயம், மூளை, முதுகுத்தண்டு ஆகியவை முதல் எட்டு வாரங்களுக்குள்ளேயே பெரும்பாலும் உருப்பெற்றுவிடுகின்றன. கர்ப்பம் என்று நமக்கு உறுதியாவதற்கே ஐந்தாறு வாரங்கள் கடந்துவிடுகின்றன. அந்த வாரங்களில் சர்க்கரை மிகுந்திருந்தால் இந்த உறுப்புகள் பாதிக்கப்படலாம் என்பதால்தான், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவை 6.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்துவிட்டு முயலச் சொல்கிறார்கள். 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கட்டாயம் தள்ளிப்போடச் சொல்வார்கள். விழித்திரை, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றை முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஃபோலிக் அமில மாத்திரை நமக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் அளவில் தேவைப்படும் என்பதையும் கேட்டுப் பெறுங்கள்.

சர்க்கரை ஏறிவிடும் என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள். முதல் மூன்று மாதங்களில் அது இறங்குவதுதான் என்னை வாட்டியது. இன்சுலின் தேவை குறைந்துவிடுகிறது, மசக்கையில் சாப்பிட்டது தங்குவதில்லை, வியர்வை, படபடப்பு போன்ற எச்சரிக்கைகளும் மங்கிப்போகின்றன. ஒரு நள்ளிரவில் கணவர் எழுப்பியபோது எனக்குத் தம்ளரைப் பிடிக்கத் தெரியவில்லை; மீட்டர் 41 காட்டியது. விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்ததால், அவர் குளுக்கோஸ் பொடியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் விரலில் குத்திப் பார்த்த பிறகே விளக்கை அணைத்தார். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதை உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் இப்போதே சொல்லிவையுங்கள். வாந்தி எடுக்கும் நாள்களிலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை.

நான்கைந்து மாதங்களுக்குப் பிறகு நிலைமை தலைகீழாகிவிடும். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்ப்பதால், கடைசி மாதங்களில் என் அளவு முன்பைவிட இரண்டு மடங்கைத் தாண்டியது. வளைகாப்புக்கு வந்த பெரியம்மா, நான் உள்ளறையில் ஊசி போட்டுக்கொண்டு இலையில் உட்காராமல் நேரம் பார்த்துக் காத்திருந்ததைக் கண்டு, "இத்தனை மருந்து பிள்ளைக்கு ஆகுமாடி?" என்று கலங்கினார். நாம் போடும் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போவதில்லை. தாயின் சர்க்கரைதான் போகிறது, அது மிகும்போது குழந்தை தானே கூடுதலாக இன்சுலின் சுரந்து அளவுக்கு மீறிப் பருத்துவிடுகிறது. வெறும் வயிற்றில் 95, சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் 140, இரண்டு மணி நேரத்தில் 120 ஆகியவற்றுக்குள் இருக்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

'இவ்வளவும் வசதி உள்ளவர்களுக்குத்தான்' என்று யாரேனும் எழுதக்கூடும். சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் சென்சாரை உடலில் பொருத்திக்கொண்ட கர்ப்பிணிகளின் குழந்தைகளுக்குச் சிக்கல்கள் குறைந்ததாக 2017இல் லான்செட் இதழில் வந்த கன்செப்ட் ஆய்வு காட்டியது உண்மைதான். முடிந்தவர்கள் அவசியம் வாங்குங்கள். ஆனால் எனக்கு அது கட்டுப்படியாகவில்லை, பெரும்பாலும் விரலில் குத்தித்தான் பார்த்தேன். அதற்கு மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்புகளே மாதச் செலவில் பெரும் பங்கை விழுங்கின.

என் மனத்தை இன்றும் உறுத்துவது பிரசவ வார்டில் நடந்தது. 'சர்க்கரை 98தானே, சாப்பாடும் இல்லை, ஊசி வேண்டாம்' என்று இரவுப் பணியில் இருந்த செவிலியர் என் நீண்டநேர இன்சுலினை நிறுத்திவைத்தார். கர்ப்பகாலத்தில் மட்டும் சர்க்கரை வந்தவருக்கு அது பொருந்தலாம். எனக்கோ இன்சுலின் அறவே இல்லாமல் சில மணி நேரம் போனாலே, உடல் கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப்பொருள் இரத்தத்தில் ஏறும். கர்ப்பத்தில் சர்க்கரை 200ஐ எட்டாமலேயே கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன் மிகுந்து இரத்தம் அமிலமாகும் நிலை வந்து குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். கணவர் விடாமல் என் சர்க்கரை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசவைத்த பிறகே ஊசி கிடைத்தது. தாயும் பிள்ளையும் சேர்ந்து போராடும் இடத்தில், எந்த வகை நீரிழிவு என்றுகூடக் கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் முடிவெடுப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. செவிலியர்களின் வேலைப்பளுவை அறிவேன், அவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. எட்டாம் மாதத்திலேயே, பிரசவத்தின்போதும் அதன் பிறகும் என்ன அளவு என்று உங்கள் மருத்துவரிடம் கையெழுத்துடன் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நஞ்சுக்கொடி வெளியேறியவுடனே தேவை சட்டென்று குறைந்துவிடும். பழைய அளவைத் தொடர்ந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். பால் கொடுக்கும்போதும் இறங்கலாம் என்பதால் ஏதாவது தின்பண்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். குழந்தைக்கும் முதல் நாளில் சர்க்கரை குறையக்கூடும். குதிகாலில் குத்திப் பரிசோதிப்பதைக் கண்டு பதறாமல், முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுத்துவிடுங்கள்.

குழந்தைக்கும் வந்துவிடும் என்பவர்களிடம், டைப் 1 உள்ள தாய்மாரின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை என்றும், தந்தைக்கு இருந்தால் உள்ள வாய்ப்பைவிடத் தாய்க்கு இருந்தால் உள்ள வாய்ப்பு குறைவு என்றும் சொல்லுங்கள்.